மேல் பல் வலி, கண்ணுக்குக் கீழே வீக்கம்: மெடிக்கலா, பல் டாக்டரா, கண்ணாஸ்பத்திரியா, பெரியாஸ்பத்திரியா?

மதுரைப் பக்கம் ஒருவருக்கு மேல் கடைவாயில் வலி வந்து, ரெண்டு மூணு நாளில் கன்னம் ஏறி, ஒருநாள் காலையில் கண்ணுக்குக் கீழேயும் பொதபொதவென்று ஆகிவிட்டால் வீட்டில் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. "மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை வாங்கிப் போடு, வத்திரும்" என்பார் ஒருவர். "வீங்கியிருக்கிறது கண்ணு, அண்ணா நகர் கண்ணாஸ்பத்திரிக்குப் போகாம பல் டாக்டர்கிட்ட என்ன வேலை?" என்பார் இன்னொருவர். தெருமுனைப் பல் கிளினிக் ஒரு வழி, பெரியாஸ்பத்திரி ஒரு வழி. இதற்கு நடுவில் அப்பத்தா ஒரு குண்டைப் போடுவார்: "மேல் பல்லுல மட்டும் கை வச்சிராதீக, கண்ணு போயிரும்."

நான் டாக்டர் இல்லை. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துச் சொந்தங்கள் வைத்தியத்துக்கு மதுரை வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அவர்களுக்குத் துணையாக அலைந்ததிலும், டாக்டர்களை நச்சரித்துக் கேட்டதிலும், அப்புறம் படித்ததிலும் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் எங்கே போவது என்பது கண் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எங்கே போனாலும் அந்தப் பல்லுக்கு ஒரு முடிவு கட்டாமல் வீடு திரும்பினால் பாதி வைத்தியம்தான் நடந்திருக்கிறது. என் கட்சி இதுதான், மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

பல்லில் கிடக்கும் சீழ் கண்ணுக்கு எப்படிப் போகும்?

மேல் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிக்கு மேலே, கன்ன எலும்புக்குள் காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது, அதுதான் நாம் சொல்லும் சைனஸ்களில் பெரியது. பலருக்கு இரண்டாவது கடைவாய்ப்பல்லின் வேர் அந்த அறையின் தரையை ஒட்டியே நிற்கும். அந்த அறையின் கூரையோ கண்குழியின் தரை; மாடிவீட்டில் கீழ்வீட்டுக் கூரையே மேல்வீட்டுக்குத் தரையாக இருப்பது மாதிரி, நடுவில் ஒரு மெல்லிய எலும்புத் தகடு மட்டும். வேரில் பிடித்த சீழ் சைனஸுக்குள் ஏறிவிட்டால் அங்கிருந்து கண்குழிக்குத் தூரம் அதிகமில்லை. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வருகிறது, அதே பக்கம் மேல் பல் ஒன்று சொத்தை என்றால், சைனஸ் தொந்தரவே பல்லில் இருந்து கிளம்பியதாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

கோரைப்பல் வேறு பாதையில் போகும். அதன் வேர் மற்ற பற்களைவிட நீளம். நுனியில் கட்டும் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு கன்னத்தின் முன்பக்கத் தசைகளுக்கு இடையில் தேங்கும். அப்படி ஆனவரைப் பார்த்தாலே தெரியும்: மூக்கோரத்தில் இருந்து வாயோரத்துக்கு இறங்கும் கோடு அந்தப் பக்கம் மட்டும் அழிந்து, கன்னம் மழமழவென்று இருக்கும், கீழ் இமை உப்பி, கண் பாதி மூடியிருக்கும். மூன்றாவது பாதை ரத்தம். முகத்தில் இருக்கும் சிரைகள் கண்குழிச் சிரைகளோடு கலந்து, மூளைக்கு அடியில் இருக்கும் காவெர்னஸ் சைனஸ் என்ற ரத்தத் தேக்கத்தில் போய்ச் சேர்கின்றன. இந்தப் பாதையில் ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடக்கூடும் என்பதால் கிருமிக்கும் அது வழிதான். அங்கே ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து.

சும்மா பயமுறுத்தவில்லை, அளவையும் சொல்லிவிடுகிறேன். கண்குழியில் வரும் சீழ்த்தொற்றுகளில் பெரும்பாலானவை மூக்கை ஒட்டிய சைனஸ்களில் இருந்து வருபவை, பல்லில் இருந்து வருவது சிறு பங்குதான். சொத்தைப் பல் உள்ள எல்லாருக்கும் கண் வீங்குவதில்லை. ஆனால் வந்தால் இடம் போதாது, அதுதான் பிரச்சினை: கண்குழியின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய 30 மில்லி, அதில் கண் உருண்டைக்கு 7 மில்லி போக மீதி இடத்தில் தசை, கொழுப்பு, ரத்தக்குழாய், பார்வை நரம்பு எல்லாம் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. சுற்றிலும் எலும்பு. உள்ளே வீக்கம் வந்தால் கண் முன்னால் தள்ளும், நரம்பு நசுங்கும்.

இன்னொன்று, இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. பல் வலி தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உள்ளே இருக்கும் நரம்பும் சதையும் செத்துப்போனால்கூட வலி நின்றுவிடும்! பிறகு மாதக்கணக்கில் சத்தமே இருக்காது, ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வந்து வந்து போகும், கடிக்கும்போது பல் கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதே போல, சீழ் எலும்புக்குள் அடைபட்டிருக்கும்போது உயிர் போகும் வலி, எலும்பைத் துளைத்து வெளியே வந்ததும் வலி சட்டென்று இறங்கி முகம் வீங்கும். "நேத்து ராத்திரி துடிச்சாரு, இன்னைக்கு வலியே இல்ல, வீக்கம்தான்" என்று சொன்னால் அது நல்ல சேதி இல்லை, சீழ் இடம் மாறியிருக்கிறது.

எங்கே போவது என்று சொல்லும் கண்

இமைக்குள் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அந்தத் திரைக்கு முன்னால் வீக்கம் நின்றால் ஒரு கதை, பின்னால் போய்விட்டால் முற்றிலும் வேறு கதை. டாக்டர்கள் இன்றைக்கும் பயன்படுத்தும் ஐந்து படி வகைப்பாடு ஒன்று இருக்கிறது, 1970-ல் சாண்ட்லரும் அவரோடு இருந்தவர்களும் எழுதியது: திரைக்கு முன்னால் வெறும் வீக்கம், கண்குழிக்குள் தொற்று, எலும்பு உறைக்கு அடியில் சீழ், கண்குழிக்குள்ளேயே சீழ்க்கட்டி, கடைசியாகக் காவெர்னஸ் சைனஸில் ரத்தம் உறைதல். ஸ்கேன் எடுக்காமல் இதை முழுசாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் வீட்டிலேயே அஞ்சு நிமிஷத்தில் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம், அதை வைத்து எந்த வண்டி ஏறுவது என்று முடிவு செய்யலாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வீங்கிய இமையை மெதுவாகத் தூக்குங்கள், அழுத்தக் கூடாது. நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய தேதி தெரிகிறதா என்பது போதாது, கீழே இருக்கும் நல்ல நேரம், ராகு காலம் படிக்க முடிகிறதா? கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைத் தாளைப் புரட்டி, அதில் இருக்கும் சிவப்பு எண்ணை ஒரு கண்ணால் பார், மறு கண்ணால் பார், ரெண்டிலும் சிவப்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். வீங்கிய பக்கம் சிவப்பு மங்கி, சாயம் போன மாதிரி தெரிந்தால் பார்வை நரம்பு அழுத்தத்தில் இருக்கலாம். எழுத்து மங்குவதற்கு முன்பே சிலருக்கு இது தெரியும். அப்புறம் தலையை அசைக்காமல் உங்கள் விரலை மேலே, கீழே, ரெண்டு ஓரம் என்று பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிறதா, ஒரு பக்கம் கண் போகாமல் நிற்கிறதா, விரல் ரெண்டாகத் தெரிகிறதா? கடைசியாக அவரை உட்காரவைத்து, நீங்கள் பின்னால் நின்று நெற்றிக்கு மேலிருந்து குனிந்து பாருங்கள். ஒரு கண் மற்றதைவிட முன்னால் துருத்திக்கொண்டு இருந்தால் மேலிருந்து பார்க்கும்போது நன்றாகத் தெரியும்.

இமை மட்டும் வீங்கி, பார்வை சரி, கண் எல்லாப் பக்கமும் வலிக்காமல் அசைகிறது, காய்ச்சல் இல்லை என்றால் வீக்கம் திரைக்கு முன்னாலேயே நிற்கிறது என்று ஓரளவு நம்பலாம். அதற்காக அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை, அன்றைக்கே பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். மேலே சொன்னதில் ஏதாவது ஒன்று தப்பாக இருந்தாலோ, காய்ச்சலும் கடுமையான தலைவலியும் சேர்ந்தாலோ, வாந்தி வந்தாலோ, ஆள் மந்தமானாலோ, இமையைத் திறந்து பார்க்கவே முடியாத அளவுக்கு வீங்கியிருந்தாலோ, மற்றக் கண்ணும் வீங்கத் தொடங்கினாலோ, மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

மெடிக்கல் செட்

"அண்ணே, பல்வலி, மூஞ்சி வீங்கிருக்கு, ஏதாச்சும் குடுங்க." கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் நாலைந்து பட்டையில் இருந்து கத்தரியால் வெட்டி, ஒரு சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்: ஓர் ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, சில இடங்களில் கூடவே ஒரு குட்டி வெள்ளை மாத்திரை. உறையில் பேனாவால் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று கோடு. செலவு குறைவு, லீவு போட வேண்டாம், எந்த ராத்திரியிலும் கிடைக்கும். இதற்கு இருக்கும் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை, கூலிவேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

ஆனால் அந்த உறைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஏறித்தான் வேலை செய்யும். செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, மருந்து அங்கே எப்படிப் போகும்? சுற்றியிருக்கும் வீக்கம் கொஞ்சம் வத்தும், மாத்திரை முடிந்ததும், பலர் ரெண்டு நாளில் தாங்களாகவே நிறுத்தியும்விடுவார்கள், மறுபடி ஏறும். அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை பல இடங்களில் ஸ்டீராய்டு. வீக்கத்தைப் படாரென்று இறக்கிக் காட்டும், கூடவே உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து இறக்கும், சர்க்கரையை ஏற்றும். முகம் வத்தியிருக்கிறது, சீழ் மட்டும் மேலே போய்க்கொண்டு இருக்கிறது என்ற நிலைமை இதில்தான் வரும். கண்குழித் தொற்றுக்குச் சில சமயம் டாக்டர்களே ஸ்டீராய்டு கொடுப்பார்கள், ஆனால் அது ட்ரிப்ஸில் ஆன்டிபயாடிக் ஏறி, கட்டுக்குள் வந்த பிறகு, தினமும் கண்ணைச் சோதித்துக்கொண்டு. ரெண்டும் ஒன்றாகாது.

பாரசிட்டமால் ஒன்று போட்டு விடியும்வரை தாக்குப்பிடிக்க மெடிக்கல் போதும். கிராம்பு எண்ணெயும் அந்தக் கணக்கில்தான் வரும், வலியை மரக்கவைக்கும், சீழை ஒன்றும் செய்யாது; பஞ்சில் தோய்த்துப் பல்லில் வைக்காமல் ஈறில் ஊற்றிப் புண்ணாக்கிக்கொண்டவர்களும் உண்டு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம். வெளியே கன்னத்தில் சுடச்சுட ஒத்தடம் வேண்டாம். கண்ணில் தாய்ப்பால் விடுவது, பச்சிலைச் சாறு பிழிவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கண்ணாஸ்பத்திரி

மதுரைக்காரர்களுக்குக் கண் என்றாலே கால் தானாக அண்ணா நகர்ப் பக்கம் திரும்பும். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் இன்றைக்கு உலகம் பேசும் ஆஸ்பத்திரி, அந்த நம்பிக்கையில் தப்பே இல்லை. கண்குழி, இமை வேலைக்கென்றே தனிப் பிரிவு இருக்கும் இடம் அது. பார்வை அளவு, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கண் எத்தனை மில்லிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது என்று நான் மேலே சொன்ன காலண்டர் சோதனையை நூறு மடங்கு துல்லியமாகச் செய்துவிடுவார்கள். வீக்கம் இமையோடு நிற்கிறதா, பின்னால் போய்விட்டதா என்ற சந்தேகம் மட்டும்தான் உங்கள் கேள்வி என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது.

குறை ஒன்றுதான், நோயின் மூலம் இருக்கும் பல் அங்கே யாருடைய மேஜைக்கும் வராது. நீங்களே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. வலி நின்று மாசக்கணக்கு ஆகியிருக்கும், கண்ணுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நோயாளியும் சொல்லமாட்டார், டாக்டர் சைனஸை நினைப்பார், ஒரு நாள் வீணாகும். ஆகவே பதிவு செய்யும் இடத்திலேயே "மேல் பல்லுல சீழ் இருந்துச்சு, அப்புறம் கண்ணு வீங்குச்சு" என்று வரிசையைச் சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் பல் டாக்டரும் காது மூக்கு தொண்டை டாக்டரும் தேவைப்படும், அவர்களிடம் அனுப்பினால் அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

கண்ணாடிக் கடையிலோ மெடிக்கலிலோ சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவதை இந்த வழியில் நான் சேர்க்கவே இல்லை. மெட்ராஸ் ஐ சீசனில் கண் சிவந்தால் எல்லாமே மெட்ராஸ் ஐதான். அதில் கண் வெள்ளை சிவந்து, தண்ணியும் பீளையும் வரும், அநேகமாக மறு கண்ணுக்கும் தொற்றும், கன்னம் வீங்காது, பல் கூசாது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சீழுக்கு முன்னால் விடும் சொட்டு போய்ச் சேராது.

பல் கிளினிக்

என் கணக்கில், கண் சோதனையில் எல்லாம் சரியாக இருப்பவர் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். ஒரு சின்ன எக்ஸ்ரேயில் எந்தப் பல், வேர் நுனியில் கறுப்பாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பல்லைத் திறந்து சீழை வடியவிட்டாலோ, ஈறில் கீறிவிட்டாலோ, பல்லையே எடுத்துவிட்டாலோ, மூணு நாள் மாத்திரையால் ஆகாதது அரை மணியில் ஆகும். பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு இன்னும் குறைவு, நேரம் கூடுதல்.

இங்கே ஒரு சண்டை வரும். "வீக்கம் வத்தட்டும், அப்புறம் எடுப்போம்" என்று டாக்டர் சொல்லியனுப்பினால் சரியா? முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். சீழ் பிடித்த இடத்தில் புளிப்புத்தன்மை அதிகம், அங்கே மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாது, வாய் விரல் அளவுகூடத் திறக்காதவருக்குப் பின்கடைவாயில் கருவியும் போகாது. அதற்காக ஒரு நாள் பொறுக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூலத்தைச் சீக்கிரம் அகற்றினால்தான் தொற்று அடங்கும் என்பதே இப்போதைய வைத்தியத்தின் போக்கு. கண்வரை ஏறிவிட்ட வீக்கத்துக்கு வெறும் மாத்திரையோடு ஒரு வாரம் கழித்து வா என்றால், அன்றைக்கே இன்னொரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கிளினிக்கில் ட்ரிப்ஸ் வசதி இருக்காது, சி.டி. ஸ்கேன் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷட்டர் இறங்கியிருக்கும். கண் அசைவில் கோளாறைப் பார்த்துவிட்டு "இங்க தொடமாட்டேன், பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று ஒரு பல் டாக்டர் சொன்னால் அவர் நல்ல டாக்டர்.

அப்பத்தா சொன்ன பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். மேல் பற்களுக்குப் போவது ஐந்தாவது மூளை நரம்பின் கிளை, பார்வைக்கு உள்ளது இரண்டாவது நரம்பு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை நரம்பு அறுபடாது. மேல் கடைவாயில் போடும் மரப்பு ஊசி எப்போதாவது கண் தசைவரை பரவிக் கொஞ்ச நேரம் ரெட்டையாகத் தெரியும், மரப்பு இறங்கியதும் சரியாகிவிடும், அந்தப் பேச்சு ஒருவேளை இப்படிக் கிளம்பியிருக்கலாம். அல்லது பல்லைக் கடைசிவரை போட்டுவைத்து, கண் வீங்கிய பிறகு பிடுங்கி, பார்வை போனதற்குப் பிடுங்கியதே காரணம் என்று ஊர் முடிவு கட்டியிருக்கலாம். இந்தப் பயத்தால் மேல் பல்லைத் தொடாமல் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பெரியாஸ்பத்திரி, அல்லது எல்லாம் ஒரே கூரையில் இருக்கும் வேறு இடம்

கண் பின்னால் பாதிக்கப்பட்ட அறிகுறி ஒன்று இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். கோரிப்பாளையம் பக்கத்தில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில் கண், பல், காது மூக்கு தொண்டை, பொது மருத்துவம், ஸ்கேன், ஐ.சி.யூ. எல்லாம் ஒரே நிர்வாகத்தில், ராத்திரி ரெண்டு மணிக்கும் கேஷுவால்ட்டி திறந்திருக்கும். இந்த நோய்க்கு வேண்டியது அதுதான்: ரத்தக்குழாயில் ஏறும் ஆன்டிபயாடிக், சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன், சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்வைச் சோதனை, ஒன்றிரண்டு நாளில் திருப்பம் தெரியாவிட்டாலோ பார்வை இறங்கினாலோ உடனே கீறிச் சீழை எடுக்க ஆபரேஷன் தியேட்டர், அதே நேரத்தில் பல்லையும் எடுத்துவிட ஓர் ஆள்.

கூட்டம் உண்மை, காத்திருப்பு உண்மை, துணைக்கு ஒருத்தர் கூடவே நிற்க வேண்டும் என்பதும் உண்மை. பேப்பரை வாங்கி இந்தப் பிரிவில் இருந்து அந்தப் பிரிவுக்கு ஓட ஒரு இளவட்டம் இருந்தால் வேலை பாதியாகும். காலையில் ஓ.பி. வரிசையில் "முகம் வீக்கம்" என்று மட்டும் சொன்னால் வரிசையிலேயே மத்தியானம் ஆகிவிடும். கண் துருத்தியிருக்கிறது, ரெட்டையாகத் தெரிகிறது என்றால் ஓ.பி.க்கே போகாதீர்கள், நேராகக் கேஷுவால்ட்டி.

தனியார் பெரிய ஆஸ்பத்திரி என்றால் காத்திருப்பு குறையும், பணம் கூடும். வரவேற்பில் கேட்க வேண்டிய கேள்வி கட்டிடம் எத்தனை மாடி என்பதில்லை: கண் சர்ஜன், காது மூக்கு தொண்டை சர்ஜன், வாய் முக சர்ஜன் மூணு பேரும் இன்றைக்கே பார்ப்பார்களா? ஒருத்தர் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றால் அந்த ஏசி அறையால் என்ன பயன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இந்தச் சிகிச்சையில் எது அடங்கும் என்று சேரும்போதே காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள், டிஸ்சார்ஜ் அன்று கேட்டுப் பயனில்லை.

ரூட் கேனலா, பிடுங்கலா?

நிதானமான நாளில் இந்தக் கேள்விக்கு ரூட் கேனல் என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். பல் தங்கும், கடிக்க உதவும், பக்கத்துப் பல் சாயாது. கேப்போடு சேர்த்துச் சில ஆயிரம் ஆகும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை போக வேண்டும். பிடுங்குவது அதில் ஒரு சிறு பங்கு செலவில் ஒரே நாளில் முடிந்துவிடும்.

கண்குழிவரை போன தொற்றில் கணக்கு மாறுகிறது. அங்கே பல்லின் எதிர்காலத்தைவிடக் கண் பெரிது, பெரும்பாலும் எடுத்துவிடத்தான் சொல்வார்கள். இமையோடு நின்ற வீக்கத்தில், பல்லின் சுவர் உறுதியாக இருந்து, திறந்தவுடன் சீழ் நன்றாக வடிந்தால் ரூட் கேனல் சாத்தியம். ஒரு நிபந்தனை: முதல் முறை திறந்து வலி நின்றதும் ரெண்டாவது முறைக்குப் போகாமல் இருக்கும் ஆள் என்று உங்களையே உங்களுக்குத் தெரிந்தால் பிடுங்கிவிடுங்கள். பாதியில் விட்ட ரூட் கேனல், முழுசாகப் பிடுங்கியதைவிட மோசம். எங்கள் சித்தப்பா ஒருவர் நாத்து நடவு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தற்காலிக அடைப்போடு ஒரு வருஷம் ஓட்டினார். அடைப்பு எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியாது, கன்னம் வீங்கியபோதுதான் நாக்கால் தடவிப் பார்த்து ஓட்டை இருக்கிறது என்றார்.

சுகர் இருந்தால், குழந்தை என்றால்

சர்க்கரை நோயாளிக்கு மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒரு படி முன்னால் போங்கள். இமையோடு நின்றாலும் பெரிய ஆஸ்பத்திரி. தொற்று சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை தொற்றை வளர்க்கும். இன்னொரு பயமும் இருக்கிறது, 2021-ல் கொரோனாவுக்குப் பிறகு ஊரெல்லாம் பேசிய கரும்பூஞ்சை. அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கட்டுக்கடங்காத சுகரும் ஸ்டீராய்டும்தான் அதற்குப் பிடித்த வாசல். அதுவும் மேல் தாடை, சைனஸ், கண் என்ற இதே பாதையில்தான் ஏறும்: பற்கள் நாலைந்து சேர்ந்தாற்போல ஆடும், அண்ணத்தில் கறுப்புத் திட்டு, மூக்கில் கறுப்பாக வடிதல், கன்னம் மரத்துப்போதல், இமை தொங்குதல். சாதாரண ஆன்டிபயாடிக் இதற்குக் கேட்காது, ஆம்போடெரிசின் மருந்தும் செத்த திசுவை வெட்டி எடுக்கும் ஆபரேஷனும் வேண்டும். மெடிக்கல் செட்டில் இருக்கும் அந்தக் குட்டி மாத்திரை மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு இதுதான் முதல் காரணம்.

குழந்தைகள் விஷயத்தில் "பால் பல்தானே, விழுந்திரும்" என்ற பேச்சை நிறுத்த வேண்டும். பால் பல் சொத்தையிலும் கண்ணுக்குக் கீழே வீங்கும், குழந்தைகளுக்கு வீக்கம் வேகமாக ஏறும், ரெட்டையாகத் தெரிகிறது என்று சொல்லவும் தெரியாது. காய்ச்சலோடு இமை வீங்கிய குழந்தையை ராத்திரி என்றாலும் தூக்கிக்கொண்டு போங்கள்.

கர்ப்பிணிக்குப் பல்லைத் தொடக் கூடாது என்பதும் தப்பு. டாக்டரிடம் மாதத்தைச் சொன்னால் அதற்கேற்ற மருந்து கொடுப்பார்.

ராத்திரியில், கிராமத்தில் இருந்து கிளம்பும்போது

சோதனையில் ஒன்றும் தப்பாக இல்லை என்றால் விடியும்வரை தலையை உயர்த்திப் படுக்கவைத்து, ரெண்டு மணிக்கு ஒருமுறை அதே காலண்டரைக் காட்டி, காலை முதல் வேலையாகக் கிளம்பலாம். தப்பாக இருந்தால் விடியக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் அரசு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் அங்கே ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு மதுரைக்கு வருவது, ஊசியில்லாமல் நேராக வருவதைவிட மேல். போகும்போது இதுவரை போட்ட மாத்திரைகளின் பட்டையை எடுத்துப் போங்கள், வெட்டிக் கொடுத்து பேர் தெரியாவிட்டாலும் அந்த உறையையாவது. கடைசியாகப் பார்த்த சுகர் அளவு, பழைய பல் எக்ஸ்ரே, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதன் சீட்டு. அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாலைந்து நாள் ட்ரிப்ஸில் வீக்கம் வத்தி, கண் பழையபடி திறந்து, வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரிகளில் பல் பிரிவில் காட்டச் சொல்லி ஒரு வரி எழுதியிருப்பார்கள். உள்ளே இருக்கும்போதே பல்லை எடுத்துவிட்டார்களா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். இல்லை என்றால் ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன், அதே வளாகத்தில், அன்றைக்கே பல் பிரிவுக்குச் சீட்டுப் போடுங்கள்.